பிறேக்கை விட்ட பிறகும் விடாத சில்லு

வேலணையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எங்களிடம் பாவித்ததாக வாங்கிய அல்ட்டோ கார் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு மேலான வாகனம். வேலை யாழ்ப்பாண நகரில் என்பதால் ஒவ்வொரு நாளும் பண்ணைப் பாலத்தால்தான் போய்வருகிறேன். சில மாதங்களாக முன் இடப்பக்கச் சில்லு கொதிக்கிறது, கருகல் மணமும் வருகிறது. பிறேக் பிடித்தால் கார் முதலில் வலப்பக்கம் இழுக்கிறது. விட்ட பிறகு இடப்பக்கம் போகப் பார்க்கிறது. வேலை முடிந்து வந்து எடுத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. ஒரு கராஜில் பிறேக் பாட் மாற்றி, கலிப்பரைக் கழற்றிப் புது றப்பர் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கத்தான் ஹோஸைக் கிறிப் பிளையரால் நசுக்கிப் பிடித்துவிட்டு வேலை செய்தார்கள். இரண்டு கிழமை போகவில்லை, திரும்பவும் அதே கதை. இன்னொரு மெக்கானிக் பிறேக் ஹோஸ் வெடித்திருக்கிறது, மாற்றுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணை அது மேல்தோல் வெடிப்புத்தான், ரேப் சுற்றினால் போதும் என்கிறார். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த என் தம்பி தானே மாற்றித் தருகிறேன் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?"

அன்பான சகோதரிக்கு,

இரண்டாவது மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். ஹோஸை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் காட்டிய வெளி வெடிப்பு உங்கள் சில்லைச் சூடாக்கவில்லை. சூடாக்குவது அந்த ஹோஸின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. அதை எப்படி உறுதி செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். இதைச் சரிசெய்யும்வரை அந்தக் காரைப் பாலத்தில் இறக்க வேண்டாம். பஸ்ஸில் போங்கள். சில்லு கொதித்தால் அந்தச் சூடு கலிப்பருக்குள், அதாவது சில்லோடு சுழலும் டிஸ்க்கைப் பாட்டால் இறுக்கிப் பிடிக்கும் பகுதிக்குள், இருக்கும் பிறேக் ஒயிலுக்கும் ஏறும். டொட் 3 என்ற வகை பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஒயில். ஈரம் ஏறிய பிறகு அதற்குரிய குறைந்தபட்ச அளவு 140 பாகைதான். விடாமல் உரசும் டிஸ்க் ஒன்று அந்தச் சூட்டைத் தொடுவதற்கு நெடுந்தூரம் ஓடத் தேவையில்லை. ஒயில் கொதித்தால் ஆவி வரும். ஆவியை அமுக்கலாம், ஒயிலை அமுக்க முடியாது. அதனால் பெடல் திடீரென்று கீழே போய்விடும். காலையில் இரண்டு பக்கமும் கடல், ஓரத்தில் மீன்பெட்டியோடு போகும் மோட்டார் சைக்கிள்கள் என்று இருக்கும் அந்தப் பாலத்தில் அப்படி நடக்கக்கூடாது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கலிப்பருக்கு ஒயிலைக் கொண்டுபோகும் பிறேக் ஹோஸ் வெளியே பார்க்க ஒரு விரல் தடிப்பில் இருந்தாலும், ஒயில் போகும் துவாரம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். உள்ளே மெல்லிய றப்பர்க் குழாய், அதற்கு மேல் நெருக்கமாகப் பின்னிய நூல் வலை இரண்டு படை, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றையும் வெயிலையும் தாங்கும் தடித்த றப்பர். அழுத்தத்தைத் தாங்குவது நூல் வலை. ஒயிலைக் கசியாமல் வைத்திருப்பது உள் குழாய். நல்ல ஹோஸின் வலிமை கொஞ்சநஞ்சமில்லை. இந்தத் துவார அளவிலுள்ள ஹோஸ் 4000 பிஎஸ்ஐ அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும், அதற்குப் பிறகும் 7000 பிஎஸ்ஐ வரும்வரை வெடிக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி. 35 மணித்தியாலம் விடாமல் சுழற்றி ஆட்டியும் சோதிப்பார்கள். நீங்கள் எவ்வளவு பலமாக பிறேக் அடித்தாலும் அந்த அழுத்தத்துக்குக் கிட்டவும் போகமாட்டீர்கள். அதனால்தான் ஹோஸ் பட்டென்று வெடிப்பது அரிது. அது வேறு வழியில் கெடுகிறது.

வயது போகப்போக உள் குழாய் ஊதும், அல்லது அதன் உட்பக்கம் தோலாகக் கிளம்பும். 3 மில்லிமீற்றர் துவாரத்தில் ஒரு சின்னத் தோல் தொங்கினாலே போதும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது பெரிய அழுத்தம் அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டு கலிப்பருக்குப் போய்விடும். காலை எடுத்ததும் ஒயில் திரும்பி வர வேண்டும், ஆனால் அதைத் திருப்பித் தள்ள அங்கே பலமான எதுவும் இல்லை. பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் றப்பர் வளையம் கொஞ்சம் பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். தோல் வழியை அடைத்துக்கொள்ளும். பழைய சைக்கிள் வால்வில் போடும் சின்ன றப்பர்க் குழாய் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடிக்கிறதே, அதே வேலையை உங்கள் ஹோஸ் ஒயிலுக்குச் செய்கிறது. அழுத்தம் கலிப்பருக்குள்ளேயே அடைபட்டு நிற்கிறது, பாட் டிஸ்க்கை விடாமல் பிடிக்கிறது, சில்லு கொதிக்கிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறிப்புகள் எனக்கு நிறைய உதவின. ஒன்று, பிறேக் பிடிக்கும்போது வலப்பக்கமும் விட்ட பிறகு இடப்பக்கமும் இழுப்பது. மிதித்தவுடன் அழுத்தம் இடப்பக்கத்துக்குப் பிந்திப் போவதால் வலச் சில்லு முந்திப் பிடிக்கிறது. விட்ட பிறகு வலச் சில்லு விட்டுவிடுகிறது, இடச் சில்லு விடவில்லை. மற்றது, நிறுத்திவைத்து எடுத்தால் சரியாக இருப்பது. அடைபட்ட அழுத்தம் அந்த நேரத்துக்குள் மெல்ல மெல்லக் கசிந்து திரும்பிவிடுகிறது. கலிப்பர் பிஸ்ரனோ அதன் வழுக்கு ஊசிகளோ இறுகியிருந்தாலும் இப்படி இழுக்கலாம், ஆனால் அவை இப்போதுதான் கழற்றிப் பூட்டப்பட்டவை. அதோடு, துருப்பிடித்து இறுகியது நிழலில் நின்றதும் தானாக விட்டுவிடாது.

கிறிப் பிளையர் கதையைப் படித்தபோது எனக்கு மனவருத்தமாக இருந்தது. ஒயில் ஒழுகாமல் இருக்க ஹோஸை நசுக்குவது பல இடங்களில் நடக்கும் பழக்கம். புது ஹோஸிலேயே செய்யக்கூடாது. பன்னிரண்டு வயது ஹோஸில் பல்லுள்ள பிளையரைப் போட்டால், வெளியே ஒரு தழும்புதான் தெரியும், உள்ளே காய்ந்துபோன குழாய் உடைந்துவிடும். கழற்றிய கலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவதும் இப்படித்தான். அது சில கிலோ பாரம். ஒரு கம்பித் துண்டால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது. இனிமேல் எந்தக் கராஜில் பாட் மாற்றினாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் நின்று பாருங்கள், கண்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தீவுப்பகுதி ஆட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல கார்களில் ஹோஸின் நடுப்பகுதியை ஓர் இரும்புப் பட்டி பற்றிப் பிடித்து, சில்லுக்கு மேலே ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ரட்டோடு பொருத்தியிருக்கும். உப்புக் காற்றில் அந்தப் பட்டியின் உட்பக்கம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், வெளியே போக வழியில்லாததால் ஹோஸை உள்நோக்கி நெரிக்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பாலத்தில் கண்ணாடியில் படியும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். காரின் அடியிலும் அதேதான் படிகிறது. அதற்கு மேல் வீட்டுக் கிணற்றின் சவர்த் தண்ணியால் கழுவினால் உப்பைக் கழுவவில்லை, இன்னும் கொஞ்சம் பூசுகிறோம். நல்ல தண்ணி கிடைக்கும் இடத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது அடிப்பக்கத்தையும் சில்லுக் குழியையும் கழுவுவது, உங்கள் பக்கத்துக் கார்களுக்குச் செய்யக்கூடிய மலிவான வைத்தியம்.

இனி உறுதி செய்வது. மறுபடியும் கலிப்பருக்குச் செலவழிக்க முன் இதைச் செய்துபாருங்கள், தம்பியாலேயே முடியும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, பின்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். முன்பக்கத்தை ஜக்கால் தூக்கி, கட்டாயம் ஸ்ராண்டில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் சில்லுக் குழிக்குள் தலையை விடக்கூடாது. சில்லைக் கழற்ற முன் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, எஞ்சினை ஸ்ராட் செய்து, நீங்கள் பெடலை நாலைந்து தடவை பலமாக மிதித்து விடுங்கள். விட்ட உடனே தம்பி இடச் சில்லைக் கையால் சுழற்றிப் பார்க்கட்டும், பிறகு வலச் சில்லை. வலது சுழன்று இடது இறுக்கமாக நின்றால், நின்று பாருங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அது தானாக இளகினால் ஹோஸின் மேல் சந்தேகம் பலமாகிறது.

இளகவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு சில்லைக் கழற்றி, கலிப்பரில் காற்றை வெளியே விடுவதற்கு இருக்கும் நிப்பிளில் ஒரு சின்னக் குழாயைச் செருகிப் போத்தலுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று இளக்குங்கள். ஒயில் சட்டென்று பீறிட்டு, டிஸ்க் கையால் சுழல ஆரம்பித்தால், உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தது உறுதி. ஒயில் வந்தும் டிஸ்க் அசையவில்லையென்றால் பிஸ்ரனோ வழுக்கு ஊசிகளோ இறுகியிருக்கின்றன. அப்படியானால் ஹோஸ் குற்றவாளி இல்லை.

அழுத்தம் அடைபட்டிருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம்: அடைத்தது ஹோஸா, பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளிவிடும் மேலேயுள்ள மாஸ்ரர் சிலிண்டரா? நிப்பிளை இறுக்கி, மறுபடி மிதித்து, டிஸ்க்கைப் பிடிக்கவைத்துவிட்டு, இந்தத் தடவை ஹோஸின் மேல் முனையில் இரும்புப் பைப் வந்து சேரும் நட்டை இளக்கிப் பாருங்கள். இளக்கியும் டிஸ்க் பிடித்தபடியே நின்றால் அடைப்பு அந்த நட்டுக்கும் கலிப்பருக்கும் நடுவில், அதாவது ஹோஸில். இளக்கியதும் விட்டுவிட்டால் பிரச்சினை மேலே இருக்கிறது, ஹோஸை மாற்றி ஒன்றும் ஆகாது. மாஸ்ரர் சிலிண்டரில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சில்லு பிடிக்கும். சின்னக் கார்களில் பிறேக் சுற்று பொதுவாக குறுக்காகப் பிரிந்திருப்பதால், முன் இடப்பக்கத்தோடு பின் வலப்பக்கமும் சேர்ந்து சூடாகும். உங்களுக்கு ஒரு சில்லுத்தான் என்பதால் நான் ஹோஸ் பக்கம் சாய்கிறேன். இந்தக் கடைசிச் சோதனையில் காற்று உள்ளே போகும், ஆகவே புது ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றும் நாளிலேயே செய்யுங்கள்.

அண்ணையின் ரேப் யோசனைக்கு வருகிறேன். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. வெயிலில் காய்ந்த மேல்தோலில் மயிரிழைக் கோடுகள் வந்த உடனே ஹோஸ் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஹோஸை விரலால் மெதுவாக வளைத்து, ரோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள், முக்கியமாக உலோக முனை றப்பரைக் கடிக்கும் இடத்தில். கோட்டின் அடியில் கறுப்பு றப்பர்தான் தெரிந்தால் அது மேல்தோல். வெள்ளை நூல் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும், ஏனென்றால் தண்ணி அந்த வழியால் நூல் வலைக்குள் இறங்கி அதை உக்கவைக்கும். ஆனால் ரேப் எந்த நிலையிலும் வேண்டாம். அது எதையும் தாங்காது, ஈரத்தைப் பிடித்துவைக்கும், அடுத்த தடவை பார்ப்பவரின் கண்ணையும் மறைக்கும்.

ஹோஸைத் துடைத்துப் பார்க்கத் தண்ணியும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். பெற்றோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில் எதையும் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பிறேக் றப்பர் பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். துடைத்த பிறகு ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஹோஸ் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கட்டும். எங்காவது முட்டையாகப் புடைத்தால் நூல் வலை விட்டுவிட்டது. ஈரம் தெரிந்தால் தொட்டுப் பாருங்கள். பிறேக் ஒயில் வழுக்கும், தண்ணியில் கரைந்துபோகும். ஸ்ரேறிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை திருப்பி, ஹோஸ் ரயரிலோ றிம்மிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள். அகலமான றிம் போட்ட கார்களில் ஒரு பக்கம் மினுங்கலாகத் தேய்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பின்பக்க ஹோஸை மறக்கவேண்டாம். காரைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ இருக்கும், உடலிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இடத்தில், படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனாலேயே முன்னால் இரண்டு தரம் மாற்றிய காரிலும் பின்னால் கொம்பனி போட்ட ஹோஸே கிடக்கும். வருடா வருடம் நாங்கள் எடுக்கும் புகைச் சான்றிதழ் புகையைப் பற்றி மட்டும்தான் பேசும், பிறேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதைப் பார்க்கும் பொறுப்பு முழுக்கச் சொந்தக்காரருடையது. உங்களைப் போல உப்புக் காற்றில் ஓடும் காருக்கு, பத்து வருடம் தாண்டினால் எல்லா ஹோஸையும் குறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆகக் குறைந்தது முன் இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்றால் இரண்டு சில்லும் ஒரே மாதிரி பிடிக்காது.

வாங்கும்போது காரின் மொடல், வருடம், செசி நம்பர் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் பழைய ஹோஸின் படத்தையும். அல்ட்டோ என்று மட்டும் சொன்னால் ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர் எந்த அல்ட்டோ என்றுதான் முதலில் கேட்பார், இந்தியன் காருக்கும் ஜப்பான் காருக்கும் சாமான் வேறு. ஹோஸைக் கையில் வாங்கி, அதன்மேல் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். நல்ல ஹோஸில் செய்தவரின் அடையாளம், செய்த மாதமும் வருடமும், துவார அளவு எல்லாம் இருக்கும். எஸ்ஏஇ ஜே 1401 (SAE J1401) என்ற தர இலக்கமோ டொட் (DOT) என்ற எழுத்தோ இருந்தால் நல்லது. திகதி ஏழெட்டு வருடம் பழையதென்றால் புதுப் பெட்டியில் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், றப்பருக்குத் தட்டில் கிடந்தாலும் வயது போகும். ஒன்றுமே அச்சடிக்காத ஹோஸை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கியர்பெட்டி, கதவு, கண்ணாடி என்று நல்ல பாவித்த சாமான் கிடைக்கும். ஆனால் பாவித்த ஹோஸ் வாங்குவது, உங்களிடம் இருக்கும் பிரச்சினையையே இன்னொருவரிடமிருந்து காசு கொடுத்து வாங்குவதுதான். ஸ்ரீல் வலை போட்ட ஹோஸைச் சில பெடியள் விரும்பிப் போடுவார்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது தேவையில்லை. உள்ளே றப்பரோ பிளாஸ்ரிக்கோ எப்படி இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது.

ஹோஸோடு சேர்த்து, கலிப்பர் முனைக்குச் செம்பு வொஷர் பக்கத்துக்கு இரண்டு, மேல் முனையைப் பிடிக்கும் புது கிளிப், மூடி உடைக்காத பிறேக் ஒயில் போத்தல் ஒன்று வாங்குங்கள். ஒயில் எந்த வகை என்பது பிறேக் ஒயில் தாங்கியின் மூடியில் எழுதியிருக்கும். டொட் 3 கேட்கும் காருக்கு டொட் 4 ஊற்றலாம். டொட் 5 என்பது சிலிக்கன், அது வேண்டவே வேண்டாம்.

தம்பி செய்யலாமா? பாட் மாற்றிப் பழக்கமும், பொறுமையும், 10 மில்லிமீற்றர் பைப் நட் ஸ்பானரும் இருந்தால் செய்யலாம். அந்த ஸ்பானர் இல்லையென்றால் தொடவே வேண்டாம். சாதாரண வாய் ஸ்பானர் நட்டை இரண்டு பக்கம்தான் பிடிக்கும். துருப்பிடித்த மெல்லிய நட்டின் மூலைகள் ஒரே இழுவையில் உருண்டுவிடும். பைப் நட் ஸ்பானர் கிட்டத்தட்ட முழு நட்டையும் சுற்றிப் பிடிக்கும்.

முதல் நாள் பின்னேரமே நட்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு ஊறவையுங்கள். பழைய ஹோஸில் பட்டால் பரவாயில்லை, புதிதைப் பூட்ட முன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். மறுநாள் ஹோஸின் மேல் முனையை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டை மெதுவாகத் திருப்புங்கள். இந்த இடத்தில் கண்ணை நட்டில் வைக்காமல் பைப்பில் வையுங்கள். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுகத் தொடங்கினால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். நட் பைப்போடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது, இன்னும் திருப்பினால் பைப் முறிந்துவிடும். பிறகு புதுப் பைப் வெட்டி முனை விரிக்க வேண்டும், அதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். பைப் முறியவில்லையென்றால் மறுபடி இறுக்கிவிட்டு, ஓட்டாமல், தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தம்பியின் வேலைக்கு எல்லை அந்த நட்டுத்தான்.

ஒயில் முழுக்க ஒழுகிவிடாமலிருக்க ஹோஸை நசுக்கத் தேவையில்லை. பற்றரியின் நெகற்றிவ் (−) வயரைக் கழற்றிவிட்டு, பெடலைச் சில சென்ரிமீற்றர் கீழே அமத்தி, சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு தடியை முண்டு கொடுங்கள். மாஸ்ரர் சிலிண்டருக்குள் பிஸ்ரன் முன்னால் போய்த் தாங்கியின் வழியை மூடிவிடும், சொட்டுவது நின்றுபோகும். தாங்கி வற்றாமலிருந்தால் எயார் எடுக்கும், அதாவது உள்ளே போன காற்றை வெளியேற்றும், வேலையும் பாதியாகும். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் இது இன்னும் முக்கியம். அதன் பெட்டிக்குள் காற்றுப் போனால் வெளியே எடுக்கக் கணினி தேவைப்படலாம்.

மேல் நட்டு கழன்றதும் கிளிப்பை இழுத்து, கலிப்பர் போல்டைக் கழற்றி ஹோஸை எடுங்கள். சொட்டும் ஒயில் பெயின்ரில் பட்டால் உடனே தண்ணி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பெயின்ர் கிளம்பும். புது ஹோஸைக் கலிப்பரில் வைக்கும்போது போல்டின் தலைக்குக் கீழ் ஒரு செம்பு வொஷர், ஹோஸ் முனைக்கும் கலிப்பருக்கும் நடுவில் மற்றது. பழைய வொஷரைத் திரும்பப் போட வேண்டாம், அது ஒருமுறை நசுங்கி முடிந்தது. முனையில் சின்னப் பல் இருந்தால் கலிப்பரிலுள்ள பள்ளத்தில் சரியாக உட்காரவேண்டும். மேல் நட்டை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள், புரி மாறி ஏறினால் கையிலேயே தெரியும். இறுக்கம் காரின் கையேட்டில் இருக்கும். சின்னக் கார்களில் கலிப்பர் போல்டுக்குப் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீற்றர், பைப் நட்டுக்கு அதைவிடக் குறைவு. பலம் காட்டும் இடம் இது இல்லை.

இறுக்கி முடித்ததும் ஹோஸின் நீளத்துக்கு ஓடும் கோட்டைப் பாருங்கள். அநேகமான ஹோஸ்களில் எதிரெதிராக இரண்டு கோடு இருக்கும். அது நேராக ஓட வேண்டும். சுற்றிச் சுற்றிப் போனால் ஹோஸ் முறுகிப் பூட்டியிருக்கிறது, இளக்கித் திருப்பி மறுபடி இறுக்குங்கள். அப்புறம் சில்லைப் பூட்டி, ஸ்ரேறிங்கை இரு முனைக்கும் திருப்பி, கார் தொங்கும்போதும் தரையில் இறக்கி முன்பக்கத்தை அமத்தும்போதும் ஹோஸ் இழுபடாமலும் உரசாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எயார் எடுக்க ஒருவர் பெடலிலும் ஒருவர் நிப்பிளிலும் இருக்க வேண்டும். முண்டுத் தடியை எடுத்துவிடுங்கள். பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, நிப்பிளை இளக்கி, ஒயிலும் குமிழும் குழாயால் வந்ததும் இறுக்கி, அதற்குப் பிறகுதான் காலை எடுக்க வேண்டும். குமிழ் நிற்கும்வரை இதையே செய்யுங்கள், இடைக்கிடை தாங்கியை நிரப்புங்கள். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர்கள் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டால் பயமில்லை. ஒயில் தேநீர் நிறத்தில் இருந்தால் நாலு சில்லிலும் எடுத்து முழுதாக மாற்றிவிடுங்கள். எங்கள் கார்களில் மாஸ்ரர் சிலிண்டர் வலப்பக்கம் என்பதால் வழக்கமாகத் தூரமான பின் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவார்கள், உங்கள் கையேடு வேறு ஒழுங்கு சொன்னால் அதன்படி செய்யுங்கள். எடுத்த ஒயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது, கிணற்றடியிலும் ஊற்றக்கூடாது. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. போத்தலில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.

கடைசியாக, பற்றரியைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் கீழே இறங்கக்கூடாது. அதே நேரம் தம்பி ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். துணி நனைந்தால் கார் வெளியே போகாது. எல்லாம் சரியென்றால் வேலணையில் ஆளில்லாத உள்வீதி ஒன்றில் நடை வேகத்தில் தொடங்கி, பிறகு கொஞ்சம் வேகமாக, நாலைந்து தடவை நிறுத்திப் பாருங்கள். சில நாள் கழித்து மறுபடி துணியால் துடைத்துப் பாருங்கள். நட்டை இன்னும் இறுக்கிப் பார்க்க வேண்டாம், பார்த்தால் போதும்.

நகரத்துக்கு முதல் தடவை போய் நிறுத்தியதும் இரண்டு முன் றிம்முக்கும் கிட்டக் கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். சூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இடப்பக்கம் இன்னும் கூடுதலாகக் கொதித்தால், ஹோஸ் புதிது என்பதால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. கலிப்பரின் வழுக்கு ஊசிகளைக் கழற்றி, துரு நீக்கி, அதற்குரிய கிறீஸ் போடச் சொல்லி இரண்டாவது மெக்கானிக்கிடமே கொண்டுபோங்கள். நீங்கள் செய்த சோதனைகளையும் அவற்றில் கண்டதையும் அவருக்கு வரிசையாகச் சொல்லுங்கள். அவர் மறுபடி முதலிலிருந்து தேடத் தேவையிராது.